கடைசி ஆள் வரும்வரை

மார்ச் 6, வியாழன்

இட்லி மாவு இன்றைக்கும் பொங்கவில்லை. பாய்லர் இருக்கிற அலமாரிக்குள் வைத்துப் பாருங்கள் அத்தை, அங்கே சூடாக இருக்கும் என்றார் மாப்பிள்ளை பரமேஷ். வைத்திருக்கிறேன். வெளியே மழை. வேல்ஸுக்கு வந்த முதல் நாள், நம்ம குற்றாலத்துச் சாரல் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். சாரல் என்றால் நடுவில் கொஞ்சம் வெயிலும் அடிக்க வேண்டாமா? இது, கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்திருக்காத விருந்தாளி மாதிரி.

இந்த டைரி தென்காசி நகைக்கடையில் கொடுத்தது. "யார்ட்டயும் பேச முடியலன்னா அதுலயாவது எழுது செண்பகாம்மா" என்று செண்பகா அப்பா போனில் சொன்னார். சரி, எழுதுகிறேன்.

செண்பகாவுக்குப் பிரசவம் பார்க்கத்தான் எனக்கு டிக்கெட் எடுத்தது. எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது. பெண் குழந்தை. யார் பேரிலும் தப்பில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், குளி என்றால் குளிக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

அந்த விஷயத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று வந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டேன். தொட்டில், குட்டிச் சட்டைகள் எல்லாவற்றையும் மாப்பிள்ளையை விட்டுப் பரணில் ஏற்றியாயிற்று. கண்ணில் பட்டால்தானே வயிறு எரியும். ஜூலை 24 எனக்குத் திரும்ப டிக்கெட். அதற்குள் இவளை எழுப்பி நடமாட விட்டுவிட வேண்டும். எனக்கு இங்கே வேறு சோலி இல்லை.

மார்ச் 8, சனி

மாவு பொங்கிவிட்டது! அலமாரி முழுக்க வழிந்து, மாப்பிள்ளையின் துண்டெல்லாம் நாசம். பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு எலுனெட் அம்மா ஒரு டப்பாவில் தோசைக்கல்லில் சுட்ட இனிப்பு ரொட்டி கொண்டுவந்தார். எழுபதைத் தாண்டியவர், நடை மட்டும் விறுவிறு. அவர்கள் ஊர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் கூட்டமாக மலைப்பக்கம் நடக்கப் போவார்களாம். சங்கம், சந்தா, தலைவர் எல்லாம் உண்டாம். நடப்பதற்கு ஒரு சங்கம்! "உங்கள் மகளை அழைத்து வாருங்கள். பேச வேண்டாம். நடந்தால் போதும்" என்றார்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன்.

"என்னைய விடும்மா" என்றாள்.

"சரி, நீ வராட்டா போ. நான் போறேன்."

சும்மா மிரட்டத்தான் சொன்னேன். கீழே எலுனெட் அம்மா அதைக் கேட்டுவிட்டு என் கால் அளவைக் கேட்கிறார். மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவர்கள் நடப்பதற்காகக் காரில் போகிறார்கள். காரை நிறுத்திவிட்டு, சுற்றிச் சுற்றி நடந்து, மறுபடி காருக்கே வந்து வீட்டுக்குப் போகிறார்கள். செண்பகா அப்பாவிடம் சொன்னால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கச் சிரிப்பார்.

சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, உள்ளே மாப்பிள்ளையின் பேண்ட், மேலே அவருடைய மழைக்கோட்டு, காலில் எலுனெட் அம்மாவின் பழைய பூட்ஸ். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயல் வேலிகளுக்குக் கதவு கிடையாது, மரப்படி வைத்திருக்கிறார்கள், ஏறித் தாண்ட வேண்டும். முதல் படியிலேயே சேலை மாட்டிக்கொண்டது. ஹியூ என்கிற தலைவர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி நின்று வானத்தைப் பார்த்தார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, எனக்குப் பிடித்துப் போயிற்று. பாதை பிரிகிற முக்கு வந்தால், ஹியூவுக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். எல்லாருக்கும் கடைசியாக மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அவர் வந்து சேரும்வரை முக்கில் நிற்பவர் நகரக் கூடாது. அந்த மஞ்சள் சட்டைக்காரர் கெரைண்ட், ஓய்வுபெற்ற தபால்காரர். கூடவே ஒரு கிழட்டுக் குட்டை நாய். எவ்வளவு மெதுவாக நடப்பவரும் அவருக்கு முன்னால்தான். அதனால் அங்கே யாரும் பின்தங்கிப் போவதே இல்லை.

ஈரப்பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் எலுமிச்சைச் சாதத்தை ஆளுக்கொரு வாய் எடுத்தார்கள். ஹியூ மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய "பிரமாதம்" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கதவைச் சாத்தும்போது, "காலு வலிக்காம்மா?" என்றாள். அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி. வலித்ததுதான். வலிக்கவில்லை என்றேன்.

மார்ச் 22, சனி

கொட்டுகிற மழை. நடை ரத்து இல்லையாம். இந்த ஊரில் மழையைச் சாக்குச் சொல்லி யாரும் தப்ப முடியாது.

ஏப்ரல் 5, சனி

இன்றைக்கு ஒரு பொய் சொன்னேன். "அவங்க பேசுத இங்கிலீசு ஒரு எழவும் புரியல. நீ வந்து சொல்லித் தா" என்றேன்.

செண்பகா கட்டிலில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருவது வருசம் இருந்தவ நீ. ஒனக்கா புரியல?"

"அது வேற இங்கிலீசு. இவங்க வெல்ஷ்காரங்க, இழுத்து இழுத்துல்லா பேசுதாங்க."

பொய் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து சாக்ஸைத் தேடினாள். மாப்பிள்ளை சமையலறையில் எனக்குக் கையெடுத்துக் கும்பிடு போட்டார்.

போன இடத்தில் என் ஈரக்குலையே நடுங்கிவிட்டது. இங்கே இது ஆடுகள் குட்டி போடுகிற மாதமாம். பார்த்த இடமெல்லாம் குட்டி. தாயின் மடியில் முட்டுவதும் வாலை ஆட்டுவதும் துள்ளுவதும். இந்த ஹியூவுக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா! நான் செண்பகாவுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் குறுக்கே புகுந்து, அங்கே பார் அருவி, இங்கே பார் பூ என்று காட்டிக்கொண்டே நடந்தேன். அங்கே அருவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அம்மா, சும்மா வா. ஆடுதானம்மா" என்றாள்.

கெரைண்டோடும் நாயோடும் கடைசியிலேயே நடந்தாள். அந்த மனுஷர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்ததும், "அவர் நல்லவரு" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

மூன்று வாரமாக வருகிறாள். இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள். ஆனால் ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்காதாமா? நான் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் இன்னும் அழுவாள்.

மே 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இப்போதெல்லாம் முன்வரிசைக்காரி. மலைமேல் பனிமூட்டம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஹியூவுக்கு அடுத்து நான்தான். "கோமதி, நீங்கள் இங்கே நில்லுங்கள். எல்லாரையும் இடது பக்கம் அனுப்புங்கள். நேராகப் போனால் அணைக்கட்டுப் பக்கம் இறங்கிவிடும்" என்றார். தலையை ஆட்டினேன். எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரு பெருமை.

ஒவ்வொருவராக வந்தார்கள், இடது பக்கம் அனுப்பினேன். பிறகு எலுனெட் அம்மாவும் செண்பகாவும். பனியில் ஆள் தெரிவதற்கு முன்னால் பேச்சு கேட்டது.

"குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள்?" என்று எலுனெட் அம்மா கேட்கிறார்.

பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? இரண்டு மாதமாக நான் வாயைக் கட்டி, வீட்டையே கட்டி வைத்திருக்கிறேன், இந்தம்மா பொசுக்கென்று கேட்டுவிட்டார். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று வந்தது.

செண்பகா சொன்னாள், "நிறைமதி."

பேர் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

எலுனெட் அம்மாவின் வாயில் நுழையவில்லை. "நிரமாத்தி?" என்றார். செண்பகா திருத்தினாள். மறுபடி தப்பு. மறுபடி திருத்தினாள். நடந்துகொண்டே அவருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருவழியாகச் சரியாகச் சொன்னதும் என் மகள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். என்னைத் தாண்டிப் போனார்கள். நான் நிற்பதையே அவள் பார்க்கவில்லை.

நான் அவள் பின்னாலேயே போய்விட்டேன். கால் தானாகப் போயிற்று. விழுந்துவிடுவாளோ, மயங்கிவிடுவாளோ என்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கெரைண்ட் இல்லை, அவரோடு வந்த இரண்டு பெண்களும் இல்லை என்று தெரிந்தது. ஹியூ கேட்டார், "முக்கில் யார் நின்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போனில் சிக்னல் இல்லை. "நான் போறேன்" என்று எழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? செண்பகா. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஹியூவோடு ஓடினாள். படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றவள் அந்த மேட்டில் ஓடினாள். நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், இலஞ்சி முருகனில் ஆரம்பித்து.

ரொம்ப நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். எல்லாரும் நலம். முக்கில் ஆள் இல்லாததால் நேராகத்தான் போக வேண்டும் என்று அணைக்கட்டுப் பக்கம் பாதி தூரம் இறங்கிவிட்டார்களாம். கிழட்டு நாய்க்குத்தான் நடக்க முடியவில்லை. செண்பகா தன் கோட்டைக் கழற்றி அதைச் சுற்றி, மார்போடு அணைத்துத் தூக்கிவந்தாள். தலை சாயாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் பார்க்க முடியாமல் சாப்பாட்டுப் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்ன எடத்துல நிக்க மாட்டியாம்மா நீ?"

"ஒனக்காகத்தானளா வந்தேன்."

"எனக்கு என்ன? நான் நடந்து போய்ட்டுதான இருந்தேன்? எம் முதுகையே பாத்துட்டு வந்தா, பின்னால வாரவங்களுக்கு யாரு நிப்பா? அந்த மனுசனுக்கு எழுவத்தஞ்சு வயசு!"

வீடு வரை திட்டினாள். வாசலில் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார், "அத்தை, செண்பகா சத்தம் போட்டாளா?"

"போட்டா மாப்ள. நல்லாப் போட்டா."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி விழுந்தவர் மாதிரி உள்ளே ஓடினார்.

மே 4, ஞாயிறு

செண்பகா அப்பாவிடம் போனில் சொன்னேன். "பிள்ளைக்குப் பேரு வச்சிருக்காளாம்."

"என்ன பேரு?" என்றார்.

சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

மே 6, செவ்வாய்

இனிமேல் நடக்கப் போவதில்லை. முட்டி வலி. பூட்ஸைக் கழுவித் துடைத்து எலுனெட் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

எலுனெட் அம்மா பூட்ஸோடு திரும்ப வந்துவிட்டார். "முட்டி வலி இல்லை, வெட்கம்" என்றார். எக்ஸ்சேஞ்சில் எத்தனை பேரின் ரகசியத்தைக் காதில் வாங்கியவள் நான், என் ரகசியம் இந்தம்மாவிடம் இப்படிப் பல்லிளிக்கிறது.

"எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். முக்கை விட்டுப் போனவரைத்தான் அடுத்த வார நடையில் முதலாவது முக்கில் நிறுத்துவோம். இனி ஜென்மத்துக்கும் அவர் மறக்க மாட்டார். ஹியூவும் ஒருமுறை அப்படி நின்றவர்தான்."

அவர் கிளம்பும்போது எனக்குள் இருந்ததைக் கேட்டேவிட்டேன். அந்தப் பேரை ஏன் அவளிடம் கேட்டீர்கள்? அவளுக்கு வலிக்காதா?

"வலிக்கும். ஆனால் அவள் அம்மா இல்லையா? எந்த அம்மாவுக்குத் தன் குழந்தையைப் பற்றிப் பேச ஆசை இருக்காது?" என்றார்.

காபி ஆறிப்போயிருந்தது, மறுபடி சூடு பண்ணினேன்.

மே 10, சனி

நின்றேன். தூறல், குளிர், மூக்கு ஒழுகியது. ஒரு ஆட்டுக்கிடா வந்து என்னை முறைத்தது, நானும் முறைத்தேன். செண்பகா என்னைத் தாண்டிப் போனாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. கடைசியாகக் கெரைண்ட் வந்தார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லி, பையிலிருந்து ஒரு பிஸ்கட் கொடுத்தார். நாய்க்குக் கொடுக்கிற பிஸ்கட்டோ என்று சந்தேகம். சாப்பிட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

செண்பகா திங்கள்கிழமையிலிருந்து அரை நாள் வேலைக்குப் போகிறாள்.

இன்று மத்தியானம் தானாக ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள். பெட்டிகளை இறக்கினாள். எதுக்குளா இதெல்லாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, மடித்து, முகர்ந்து பார்த்து வைத்தாள். "இது பரமேஷ் வாங்குனது. சைஸப் பாரேன், ரெண்டு வயசுப் பிள்ளைக்குல்லா வாங்கிட்டு வந்திருக்காரு." சிரித்தாள்.

நான் போய் என் பெட்டியின் அடியிலிருந்த மூட்டையை எடுத்துவந்தேன். பிறந்த பிள்ளையைச் சுற்றுவதற்கென்று செண்பகா அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிக் கிழித்து வைத்திருந்த துணி. பிப்ரவரியிலிருந்து பிரிக்காமலே கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் அவள் மடியில் வைத்தேன்.

"இதையும் வச்சிருந்தியாம்மா?" என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். குழாயைத் திறந்துவிடவில்லை. பிறகு பசித்தது, தோசை சுட்டேன்.

ஆனாலும் அந்தப் பேரை நான் சொல்லவில்லை. வாய் வரை வருகிறது, வந்து நின்றுகொள்கிறது.

ஜூலை 19, சனி

எனக்குக் கடைசி நடை. வியாழக்கிழமை விமானம்.

இந்தத் தடவை நிஜமாகவே முட்டி வீக்கம். முன்வரிசைக்காரி என்ற பட்டமெல்லாம் பறிபோய், கெரைண்டோடும் நாயோடும் கடைசியில் ஊர்ந்தேன். செண்பகா முன்னால் ஹியூவோடு போய்விட்டாள். இப்போதெல்லாம் மேப்பை விரித்துப் பார்த்து அவரோடு வாக்குவாதம்கூடப் பண்ணுகிறாள்.

மேலே பனி. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் தேய்ந்துபோயிற்று. எனக்கும் கெரைண்டுக்கும் நாய்க்கும் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். எவ்வளவு தூரம் இன்னும் என்று கேட்கலாம் என்று தலையைத் தூக்கினேன். முக்கில் சிவப்புக் கோட்டு.

எல்லாரும் போய்விட்டார்கள். செண்பகா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி நிற்கிறாள். நான் நொண்டுவது அவளுக்குத் தெரிகிறது. ஓடிவந்து தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று கால் பரபரப்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனால் அசையவில்லை.

"மெதுவா வாம்மா. நான் நிக்கேன்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மெதுவாகப் போய்ச் சேர்ந்தேன். அவள் முகமெல்லாம் மழைத்தண்ணீர். என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அப்போது அது வந்துவிட்டது, நான் யோசித்துச் சொல்லவில்லை.

"நிறைமதி இந்நேரம் குப்புற விழுந்திருப்பா, என்னளா?"

செண்பகா என்னையே பார்த்தாள். 

"ஆமாம்மா. அஞ்சு மாசம் முடிஞ்சிருக்கும்ல. தலைய நல்லாத் தூக்கியிருப்பா."

"உங்கப்பனக் கொண்டிருந்தா மூக்கு இந்தா இம்புட்டு இருக்கும்."

"மூக்கு அப்பா மூக்குதான்மா. நான் பாத்தேன்ல. முடிகூட நெறைய இருந்துச்சு."

சொன்னாள். விரல் எப்படி இருந்தது, நகம் எப்படி இருந்தது, ஆஸ்பத்திரியில் மடியில் வைத்துக்கொண்டபோது எவ்வளவு கனமாக இருந்தது, எல்லாம் சொன்னாள். இத்தனை நாளும் சொல்லக் காத்திருந்திருக்கிறாள், கேட்கத்தான் ஆள் இல்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கெரைண்ட் ஐந்தடி தள்ளி, மஞ்சள் சட்டையோடு, நாயைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றார். எங்களைத் தாண்டிப் போக அவருக்கு வழியில்லை, அவர்தானே கடைசி ஆள். அவசரப்படுத்தவும் இல்லை.

பிறகு மூன்று பேரும் சேர்ந்து இறங்கினோம். ஹியூ பாறையில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவரிடம் கொடுத்துவிட்டிருந்த எலுமிச்சைச் சாதம் தீரும் முன்னால் வந்தது நல்லதாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. பூட்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சேற்றோடு வாசலில் கிடக்கட்டும், அடுத்த வருஷம் வேண்டும்.

சாயந்திரம் செண்பகா அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "அன்னைக்குக் கேட்டீகள்லா, பிள்ளைக்கு என்ன பேருன்னு. நிறைமதி. மூக்கு ஒங்க மூக்காம்" என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தாறு வருஷமாக என்னைச் செண்பகாம்மா என்று கூப்பிடுகிறவர்.

"நிறைமதி ஆச்சி" என்றார். "திருவனந்தபுரத்துக்கு எத்தன மணிக்கு வருது ஒங்க ப்ளேனு?"

விடியக்காலம் நாலரை என்றேன். முதல் ஆளாக வந்து வாசலில் நிற்கிறேன் என்றார். கடைசி ஆள் வெளியே வரும்வரை நகரக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.